கரடியின் வேனுக்கு மூன்று மூளை

செய்தது நீங்கள். பழியைச் சுமந்தது எலி. இதைப் பஞ்சாயத்தில் வைக்கலாமென்றால் ஆதாரம் கேட்பீர்கள். பெயரைப் போட்டு எழுதலாமென்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவீர்கள். அதனால் கதையாகச் சொல்கிறேன். கதைக்கு எவனும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. இதில் வருகிற கரடி நானில்லை, எனக்கு அவ்வளவு முடி கிடையாது. குரங்கு நீங்களா என்பதை வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்டில், சிங்கம் ஆண்ட காலம் போய்ப் படிவங்கள் ஆளவந்த காலத்தில், பெரியகருப்பன் என்றொரு கரடி இருந்தார். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். படித்ததெல்லாம் தேன்கூட்டில் கையை விட்டுக் கொட்டு வாங்கித்தான். கண்டவர் மூட்டையைச் சுமந்து முன்னுக்கு வந்தவர். தேனீயிடமே தேனைக் குறைத்துக் கேட்டு வாங்கியவர் என்று காட்டில் பேச்சு. எதை வாங்கினாலும் கொசுறு இல்லாமல் கடையை விட்டு இறங்கமாட்டார். கொசுறு தராதவன் கடைக்கு அடுத்த முறை போவார், சண்டை போடுவதற்காக மட்டும்.

அவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. பதினோரு பேர் உட்காரலாம், முப்பது பேர் ஏறுவார்கள். கோடையில் கீழ்க்காட்டு ஓடை வற்றிவிடும். மலை உச்சிச் சுனையில்தான் தண்ணீர். ஏழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகவேண்டும். கிழட்டு மான், கால் ஊனமான முயல், குட்டிபோட்ட பன்றி எல்லாரும் கரடி வேனை நம்பித்தான் தண்ணீர் குடித்தார்கள்.

இந்தத் தடத்தின் மேல் கழுதைப்புலிக்கு வெகுநாளாகக் கண். அவரும் ஒரு மினி பஸ் வைத்திருந்தார். சீட்டு மெத்தென்று இருக்கும், பாட்டுப் போடுவார், மரியாதையாகப் பேசுவார். ஆனால் ஏறினவர்களில் பாதிப் பேர்தான் இறங்குவார்கள். மீதிப் பேர் எங்கே என்று கேட்டால், நடுவழியிலேயே இறங்கிக்கொண்டார்கள் என்பார், பல்லைக் குத்திக்கொண்டே.

அப்படியிருக்க, கரடியின் வேன் மூன்றாம் வளைவில் முக்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. கரடி அதன்மேல் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினார். விளக்கு மறைந்தது. வியாதி மறையவில்லை. வண்டி நட்ட நடு மேட்டில் நிற்கும், பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். திங்களும் செவ்வாயும் நன்றாக ஓடும். வெள்ளிக்கிழமை வந்தால் படுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை என்றதும் நீங்கள் நெளிகிறீர்கள். இருங்கள், வருகிறேன்.

வேனை விற்றவர் சவுந்தர் என்கிற குரங்கு. ஷெட்டும் அவருடையது, மெக்கானிக்கும் அவரே. வண்டி கைமாறின அன்றைக்குக் கரடி கொசுறு கேட்டபோது, ஒரு பூஜை போட்டுத் தருகிறேன் என்றார் சவுந்தர். தேங்காயை வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, ஸ்பானரால் தட்டி உடைத்து, தண்ணீரைப் பேனட் மேல் அபிஷேகமாக ஊற்றினார். எஞ்சின் குளிர்ந்தால் முதலாளி மனசு குளிரும், வெள்ளிக்கு வெள்ளி இதையே செய்யுங்கள் என்றும் சொல்லிவைத்தார். கரடி ஒரு வெள்ளி தவறவில்லை. மற்றவர்கள் தேங்காயைத் தரையில் போட்டு உடைப்பார்கள், தண்ணீர் மண்ணுக்குப் போகும். தண்ணீரை மண்ணுக்குக் கொடுப்பது கரடிக்கு நஷ்டமாகத் தெரிந்தது.

வண்டி ஷெட்டுக்குப் போயிற்று. சவுந்தர் மடிக்கணினியைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகினார். திரையில் ஒரு நம்பர் வந்தது. நம்பரைப் பார்த்து ஒரு சென்சாரை மாற்றினார். அடுத்த வாரம் வேறு நம்பர் வந்தது, காயிலை மாற்றினார். அதற்கடுத்த வாரம் மூன்று நம்பர் சேர்ந்து வந்தன, வயரையெல்லாம் மாற்றினார். எங்கே வலிக்கிறது என்பதைத்தான் மிஷின் சொல்லும். ஏன் வலிக்கிறது என்பதை மெக்கானிக் அல்லவா பார்க்கவேண்டும்? சவுந்தர் திரையைப் பார்த்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பேனட்டுக்குள் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். "அண்ணாச்சி, மூளை போயிருச்சு."

"யாருக்கு?" என்றார் கரடி.

வண்டிக்குத்தான் என்று சவுந்தர் விளக்கினார். ஈ.சி.எம். என்று ஒரு பெட்டி. எஞ்சினுக்கு எப்போது பெட்ரோல் விடவேண்டும், எப்போது பொறி வைக்கவேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். இருக்கிற பெட்டி உளறுகிறது, புதுப்பெட்டி போட்டு, அதற்கு இந்த வண்டியின் சாவியை அறிமுகம் செய்துவைக்கவேண்டும், இல்லையென்றால் சொந்த முதலாளியையே திருடன் என்று நினைத்து ஸ்டார்ட் ஆகாது என்றார். விலையையும் சொன்னார். கரடிக்கு முடியெல்லாம் நட்டுக்கொண்டது. தெரிந்த வித்தையைக் காட்டினார். எழுந்து, வேண்டாம் போ என்று வாசலைப் பார்த்து மெதுவாக நடந்தார். எந்தக் கடைக்காரனும் மூன்றாவது எட்டில் கூப்பிட்டுவிடுவான். கரடி வாசலையே தாண்டிவிட்டார், சவுந்தர் கூப்பிடவில்லை. நகராத வண்டியை உள்ளே விட்டுவிட்டு எவ்வளவு தூரம்தான் நடக்கமுடியும்? திரும்பி வந்தார். சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டார்.

ஆனால் கொசுறை விடவில்லை. போன தடவை ஒரு தேங்காய்தானே, இந்தத் தடவை இரண்டு உடைக்கவேண்டும் என்றார். சவுந்தர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

இரண்டாவது மூளை இரண்டே வாரம் வேலை செய்தது. மூன்றாவது வாரம் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார்கள். அன்றைக்குத் திங்கள். புதன்கிழமை எஃப்.சி. பார்க்கிற நாள். ஆமை ஆபீசர் முன்னால் வண்டி ஓடிக்காட்டவேண்டும். ஓடவில்லையென்றால் தடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அடுத்து நின்றவர் கழுதைப்புலி. அவர் ஞாயிற்றுக்கிழமையே வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

கரடி போட்ட சத்தத்தில் ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. ஊரில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்து, தாயார் வழியில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, சவுந்தர் அவசரமாகப் பேனட்டைத் திறந்தார். மூளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூடு. கூட்டில் ராக்காயி என்ற எலியும் ஆறு குட்டிகளும்.

சவுந்தர் வயிற்றில் பால் வார்த்தது. "ஆளு சிக்கிருச்சு அண்ணாச்சி."

ராக்காயி பயப்படவில்லை. தான் வயர் கடிக்காதவள் என்று பொய் சொல்லமாட்டேன் என்றாள். கழுதைப்புலி பஸ்ஸில் கடித்திருக்கிறாள், தேவைப்பட்டால் இன்னும் கடிப்பாள். ஆனால் குட்டிகளோடு குடியிருக்கிற வீட்டுக் கூரையை எவள் கடிப்பாள் என்று கேட்டாள். பிறகு கரடியைப் பார்த்துச் சொன்னாள்.

"வெள்ளிக்கு வெள்ளி எங்க தலையில தேங்காத்தண்ணி ஊத்துது அண்ணாச்சி. பேனட்டுல ஊத்துனா வைப்பர் பக்கமா வழிஞ்சு நேரா இந்தப் பெட்டியிலதான் இறங்குது. எம்புள்ளைங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு. பெட்டிக்கு வேற என்ன பிடிச்சிருக்குன்னு மூடியக் கழட்டிப் பாருங்க."

சவுந்தர் மூடியைக் கழற்றினார். உள்ளே வயர் செருகுகிற பின்னெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முதல் மூளை ஏன் போயிற்று, சென்சார் ஏன் மாற்றினோம், காயில் ஏன் மாற்றினோம், எல்லாம். அதே நொடியில் மூடியை மூடினார். எலி மூத்திரம் என்றார்.

கரடி பெட்டியைப் பிடுங்கி மோந்து பார்த்தார். மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிற தேனை மோப்பம் பிடிக்கிற மூக்கு. புளித்த தேங்காய்த் தண்ணீர் வாடை சுள்ளென்று அடித்தது. கரடிக்கும் புரிந்துவிட்டது. ஆனால் தேங்காய்தான் காரணம் என்று ஒத்துக்கொண்டால், இரண்டாவது தேங்காயைச் சண்டைபோட்டு வாங்கினது யார் என்ற கேள்வி வரும். கரடி அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகாமல் நேரே ஆமை ஆபீசுக்குப் போனார்.

ஆமை, அவகாசம் தரலாம், அதற்குப் படிவம் இருக்கிறது என்றார். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். எலி, வெள்ளம், யானை. எலி என்றால் பதினைந்து நாள் கிடைக்கும். கரடி, தேங்காய்க்குக் கட்டம் உண்டா என்று தயங்கிக் கேட்டார். தேங்காய்க்கு இல்லை என்றார் ஆமை. இதர காரணங்கள் என்று ஏதாவது? இருந்தது, ஆனால் எல்லாரும் அதிலேயே டிக் அடித்ததால் எடுத்துவிட்டார்கள் என்றார். எலி என்றால் எலியின் கால்ரேகை வேண்டும், நாளை மாலைக்குள்.

திரும்பி வந்த கரடியின் குரல் இறங்கியிருந்தது. ராக்காயியிடம் உள்ளதைச் சொன்னார். நீ கடித்ததாக ரேகை வைத்தால் பதினைந்து நாள், வைக்காவிட்டால் கழுதைப்புலி. உன் பிள்ளைகளும் தண்ணீருக்கு அந்த பஸ்ஸில்தான் போகவேண்டும்.

ராக்காயி பேரம் பேசினாள். கரடியைவிட நன்றாகப் பேசினாள், ஏனென்றால் ஒரே ஒரு பொருள்தான் கேட்டாள். "ரேகை வைக்கிறேன். பழி என்மேலயே இருந்துட்டுப் போகட்டும். இனிமே தேங்காய தரையில உடைப்பேன்னு ரெண்டு பேரும் சொல்லுங்க."

கரடி சொன்னார். சவுந்தரும் சொன்னார், வாலின்மேல் சத்தியமாக. ராக்காயி ரேகை வைத்தாள். குற்றவாளி வண்டிக்குள்ளேயே குடியிருந்தால் ஆமை நம்பமாட்டார் என்று அன்றைக்கே அவளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆறு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் புதரில் வைத்தாள். எலி விஷயத்துக்குக் கேரண்டி கிடையாது என்று மூன்றாவது மூளைக்கும் சவுந்தர் விலை சொன்னார். கரடி முழு விலைக்கும் ஒத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், மூன்று தேங்காய் என்றார்.

பதினைந்தாம் நாள் வியாழக்கிழமை வேன் ஆமை முன்னால் குதிரையாய் ஓடியது. தடம் தப்பியது. மறுநாள் வெள்ளி, முதல் டிரிப். மானும் முயலும் பன்றியும் கூடிவிட்டார்கள். எலி கண்பட்ட வண்டி, சும்மா எடுக்கக்கூடாது என்று எல்லாருமாகச் சொன்னார்கள். சவுந்தர் மூன்று தேங்காயோடு தயாராக வந்தார். கரடி அவர் காதில், தரையில் உடையப்பா என்று மெதுவாகச் சொன்னார்.

"தரையில உடைச்சா ஊர் என்ன சொல்லும் அண்ணாச்சி? மூணு தேங்காயும் உங்க கொசுறு. மண்ணுக்கா குடுக்கப்போறீங்க?"

கரடி மூன்று தேங்காயையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு விலகி நின்றார். புதரிலிருந்து ராக்காயி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தேங்காய்த் தண்ணீரும் பேனட்டில் விழுந்து, வைப்பர் பக்கமாக வழிந்து, போகவேண்டிய இடத்துக்குப் போயின. ஊர் கைதட்டியது.

மூன்றாம் வளைவில் வேன் நின்றது. பத்து நிமிஷம் கழித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. உச்சிவெயில். கிழட்டு மான் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கழுதைப்புலியின் மினி பஸ் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வந்து, பணிவாகக் கதவைத் திறந்தது. மான் ஏறியது. முயல் ஏறியது. பன்றி குட்டிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு ஏறியது.

கரடி நடுரோட்டில் நின்றார். ஓரமாக ராக்காயி ஆறு குட்டிகளோடு நடந்தே மலையேறிக்கொண்டிருந்தாள். கரடி அவளைக் கூப்பிட்டு, கெஞ்சாத குறையாக, நீயாவது எல்லாரிடமும் தேங்காய்தான் காரணம் என்று உண்மையைச் சொல்லு, பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார்கள் என்றார்.

ராக்காயி நின்றாள். "உண்மைய அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி. அப்புறம் எலிதான் கடிச்சதுன்னு ரேகையும் வச்சேன். இப்ப யாரு கேட்டாலும் எலி கடிச்சிருச்சுன்னுதான் சொல்லணும். நான் சொன்ன சொல் மாறமாட்டேன்."

பஸ் கதவு மூடிக்கொண்டது. உள்ளே பாட்டு கொஞ்சம் சத்தமாயிற்று.

நீதி: வண்டியில் ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், ஓர் எலி இல்லாமல் ரோட்டில் இறங்காதே.

இந்த நீதி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றவேண்டியவன் நானில்லை. ஷெட்டில் நாலாவது மூளைக்கு அட்வான்ஸ் கேட்டுக்கொண்டு, கையில் தேங்காயோடு நிற்கிறீர்களே, உங்களைத்தான். அந்தப் படிவத்தை எடுத்து எலியின் பெயரை உங்கள் கையாலேயே அடித்து நீக்குங்கள். பெட்டிக்கு மேல் ஒரு தகரமாவது மடித்து வையுங்கள். தேங்காயைத் தரையில் உடையுங்கள். இப்போதே, நான் பார்க்க.