எழுபத்திரண்டு வருடத்துக்கு ஒருமுறை

இந்தத் தடவை சிவகிரிக்குப் போவதில்லை என்று துல்கர்னைன் முடிவெடுத்துவிட்டார். உலகமே புரண்டாலும் போவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே மனைவி நூருன்னிசாவின் லாத்தா, அதாவது அக்கா, வீட்டில் விருந்து. அதே சாயங்காலம் இங்கே, குத்துக்கல்வலசையில், அவர் வீட்டு மொட்டைமாடியில் தென்காசி வான்நோக்குக் கழகத்தின் மாதக் கூட்டம். கழகத்தில் ஆறு பேர். செயலாளர் அவர். இருபத்திரண்டு வருடம் சவூதியில் கிடந்தபோது, ஊரில் தெரிகிற அதே நட்சத்திரம்தானே இதுவும் என்று பார்த்துப் பார்த்து மனதைத் தேற்றியவர். மாதத்தில் அந்த ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு உண்மையிலேயே வலித்தது. அதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. பொய்தான் வந்தது.

"நூரு, சனிக்கிழமை ஒரு வால்நட்சத்திரம் வருது. இதை விட்டா எழுபத்திரண்டு வருசம் கழிச்சுத்தான்."

"அப்ப நீங்க இருக்கமாட்டீங்களே!"

"இருக்கமாட்டேன்" என்றார் துக்கமாக.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப பாத்துத்தான் ஆவணும். லாத்தாட்ட நான் பேசிக்கிடுதேன்."

இவ்வளவு லேசில் முடியும் என்று அவர் நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் பிரியாணி அண்டா இறங்கியது. பின்னாலேயே அக்கா ஜுஹைனா, அவள் கணவர் இத்ரீஸ், சம்பந்தக்காரர்கள் என்று இருபத்துமூன்று பேர்.

"நூரு சொன்னா, சகல. எழுபத்திரண்டு வருசத்துக்கு ஒருக்காத்தானாமே! அதான் விருந்தை இங்கன மாத்திட்டோம்" என்றார் இத்ரீஸ்.

மாடி நிறைந்துவிட்டது. கழகத் தலைவர் ஸ்டான்லி துல்கர்னைனை ஓரமாக இழுத்தார்.

"என்ன பாய், எந்த வால்நட்சத்திரம்? எனக்கே தெரியாதே!"

"எனக்கும் தெரியாது சார்."

துல்கர்னைன் குற்றாலத்து மலையைப் பார்த்தார். சாரல் காலத்தில் கூப்பிடாமலே வந்து கூட்டத்தைக் கெடுக்கிற மேகம். எத்தனை தடவை அதைத் திட்டியிருப்பார்! இது தை மாதம். கெஞ்சிப் பார்த்தும் ஒரு துண்டுகூட வரவில்லை.

வேறு வழியில்லாமல் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். முதலில் பார்த்தது நூருன்னிசா. வெகுநேரம் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! எல்லாரும் வந்து பாருங்க" என்றாள் சத்தமாக. பிறகு அவர் காதோரம் குனிந்தாள். "பக்கத்துல நாலு நிலா நிக்குது. வியாழன்லா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசாமாசம் கழக குரூப்புல 'இம்மாத வானம்' போடுதீங்களே, யாரு டைப் பண்ணுதா? நீங்க சொல்லச் சொல்ல நாந்தானே. 'இந்த மாதம் வால்நட்சத்திரம் எதுவும் இல்லை'ன்னு ஒண்ணாந்தேதி நீங்கதான் சொன்னீங்க."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சிரு நூரு."

"யாருட்டயும் சொல்லமாட்டேன். பயப்படாதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. பார்த்து முடித்த ஒவ்வொருவரும் நூருன்னிசாவிடம் வந்து ஏதோ கேட்டார்கள். அவள் எல்லாருக்கும் சரி என்று தலையாட்டினாள்.

"என்ன கேக்காங்க?"

"அடுத்த சனிக்கிழமை இலத்தூரு, அதுக்கடுத்த வாரம் கடையநல்லூரு, பொறவு புளியங்குடி. எல்லா வீட்டு விருந்துக்கும் வாறோம்னு சொல்லிட்டேன். அந்தக் குழாயையும் தூக்கிக்கிடுங்க."