ரஜீவின் படகுக்கு ஒரு கெபின்

"அவரக் கேட்டாத்தானே இல்லம்பாரு. இனிமே கேக்கவே போறதில்ல."

குழாயடியில் என் மனைவி சுபாஜினி பக்கத்து வீட்டு தனலெட்சுமியிடம் சொன்னது தற்செயலாக என் காதில் விழுந்தது. மூன்று வருடப் போரில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டுக்கு ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, புகை, மகளின் இருமல். வெளியே தனியாக ஒரு சமையலறை வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. நான் தச்சன். அப்புத்தளை முழுக்க மற்றவர்களுக்குக் கதவு செய்கிறவன். சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

மச்சினன் ரஜீவ் கேட்டபோது நேரம் கிடைத்தது. மஹியங்கனைப் பக்கம் குளத்தில் படகு ஓட்டுகிறான். படகின் மேல் வைக்க ஒரு பலகைக் கெபின் வேண்டுமாம். உல்லாசப் பயணிகள் மாலையில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார ஆசைப்படுகிறார்களாம். தண்ணீரை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவன் நான். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் கரட் பாத்தியை ஒட்டி வேலையைத் தொடங்கினேன்.

சுபாஜினி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, படகு ஆடுமே. லாம்பு விழுந்துறாதா?"

நியாயமான கேள்வி. சுவரோடு சேர்த்து, விளிம்பு வைத்த தட்டு ஒன்று அடித்தேன்.

"கொஞ்சம் நீளமா அடிங்க. எண்ணெய்ப் போத்தலும் நிக்கணும்ல."

நீளமாக அடித்தேன்.

மறுநாள் அண்ணாந்து பார்த்தாள். "சூட்டுல கூரை பத்திக்கிட்டா?" கூரையின் உட்புறம் தகரம் அடித்தேன். "கதவச் சாத்துனா மூச்சு முட்டிச் செத்துருவாங்களே, பாவம்." ஜன்னல் வெட்டினேன். மனம் கேட்காமல் புகைபோக்கியும் வைத்தேன்.

"லாம்புக்கா அண்ணே புகைபோக்கி?" வேலிக்கு அப்பாலிருந்து தனலெட்சுமி கேட்டாள்.

"உயிர் விசயம்மா," என்றேன். அவள் அவசரமாகத் திரும்பிக்கொண்டாள்.

கடைசியாக சுபாஜினி குரல் தழுதழுக்கக் கேட்டாள். "எண்ணெய் சிந்தித் தீப்பிடிச்சா? யாரு பெத்த புள்ளைகளோ!"

மூலையில் செங்கல் அடுக்கி, களிமண் பூசி, மேலே மணல் பரப்பினேன். விளக்கு அந்த மேடையில் நின்றால் தரைக்குத் தீ வராது.

"இன்னும் ஒசரமா வைங்க. குனிஞ்சா இடுப்பு வலிக்கும்."

யாருடைய இடுப்பு என்று நான் கேட்கவில்லை. என் வேலையை இவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை பார்த்ததில்லை.

ரஜீவ் லொறியோடு வந்தான். நான்கு பேர் தூக்கினார்கள். கெபின் அசையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இத ஏத்துனா படகு நேரா அடிக்குத்தான் போகும்."

"எல்லாம் பாதுகாப்புக்குத்தான்பா."

"எனக்கு லாம்பே வேணாம். பெட்டரி பல்பு போட்டுக்கிறேன். மேல ஒரு தகரம் போதும்."

"இரு, செங்கலப் பேத்துர்றேன்."

"பேக்காதீங்க," என்றாள் சுபாஜினி. "நாளைக்கு ஏதாச்சும் ஆனா உங்க பேருதான் கெடும்."

லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. நான் சுத்தியலோடு நின்றேன்.

சுபாஜினி வீட்டுக்குள் போய்ச் சோற்றுப் பானையை எடுத்துவந்தாள். விளக்குத் தட்டில் உப்புப் போத்தலை வைத்தாள். செங்கல் மேடையில் விறகை அடுக்கி அடுப்பைப் பற்றவைத்தாள்.