பேட்டன்ட் வாங்கிய அத்தான்

விண்ணப்பம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போட்டது கிடைத்துவிட்டவர்களையும் பார்த்திருப்பீர்கள். போட்ட கையோடு கிடைத்துவிட்டதாக ஊரெல்லாம் தமுக்கடிக்கும் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு, ஐயா. அதில் முதல்தரச் சரக்கு என் அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தான் தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் மேற்பார்வையாளர். பதினெட்டு வருட உத்தியோகம். அவர் கண்டுபிடித்தது, மழையில் குடை நனையாமலிருக்கக் குடைக்கு மேலே மாட்டும் உறை. சிரிக்காதீர்கள். நான் சிரித்துவிட்டு ஆறு மாதம் அவரிடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தேன்.

"உறை நனைஞ்சா என்ன பண்றது?" என்று அக்கா கேட்டாள்.

"அதுக்குத் தனியா ஒரு பேட்டன்ட் போடணும்."

உறைக்குப் பேட்டன்ட் கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் ஒன்றரை வருடம் கழித்து அச்சாகி வந்தது. எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து. அவ்வளவுதான்! கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வாசலில் 'பேட்டன்ட் பெற்றவர்' என்று பலகை வைத்தார். குடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போன எதிர்வீட்டுக்காரருக்கு, தம் உரிமையில் கை வைத்ததாக நோட்டீஸ் அனுப்பினார். கடைசியில் பட்டறைக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டிவிட்டு வந்தார். அக்கா அழுதேவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, குடை உறையை நம்பியா குடும்பம் நடத்துவது?

பேட்டன்ட் வேலை பார்க்கும் வக்கீலம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், இங்க 'ஏ'ன்னா நீங்க போட்ட விண்ணப்பத்தை அச்சுப் போட்டு ஊருக்குக் காட்டியிருக்காங்க, அவ்வளவுதான். பரிசீலனை பண்ணி உரிமை கொடுத்தாத்தான் 'பி'."

அத்தான் விடுவாரா? பையிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டுத் தாளை உருவினார். ஏதோ ஒரு சீப்புக்கு உரியது.

"இது கொடுத்த பேட்டன்ட்தானே? எழுத்தைப் பாருங்க. ஏ!"

"அந்த நாட்டுல அப்போ விண்ணப்பத்தை வெளியிடுற வழக்கமே இல்ல. கொடுத்ததை மட்டும் அச்சடிச்சாங்க, அதுக்கு ஏ. இப்ப அவங்களும் மாத்திட்டாங்க. அங்க விண்ணப்பத்தை முன்னாடியே வெளியிட்டிருந்து கொடுத்தா பி ரெண்டு, வெளியிடாம கொடுத்தா பி ஒண்ணு. வேற இடத்துல பி ரெண்டுன்னா, யாரோ ஆட்சேபிச்சு, திருத்திக் கொடுத்ததுன்னு அர்த்தம். நாட்டுக்கு நாடு வேற சார்."

"அப்ப என்னை அந்த நாட்டுக்காரன்னு வச்சுக்குங்களேன். அந்தக் காலத்து ஆளுன்னும் வச்சுக்குங்க!"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தானுக்கு அப்போதுதான் ராஜினாமாக் கடிதம் நினைவுக்கு வந்தது. விழுந்தடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினோம்.

எழுத்தர் கோப்பைத் திறந்தார்.

"இதுவா? வந்த தேதிக்கு முத்திரை போட்டு வச்சிருக்கேன். நீங்க கொடுத்திருக்கீங்க, மேலதிகாரி இன்னும் ஏத்துக்கல. போட்ட உடனே கிடைச்சிடுமா, சார்?"

கேட்டது கிடைக்காமல் போனதற்காக ஒரு மனிதர் எழுத்தரைக் கையெடுத்துக் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பாவம் அத்தான் என்கிறீர்களா? இருக்கட்டும். பதவி உயர்வுக்கு மனுப் போட்ட அன்றே பக்கத்து மேஜைக்காரரை 'வாங்க' என்பதை விட்டு 'வாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தீர்களாமே? அந்த மனுவுக்குப் பின்னால் என்ன எழுத்து?