ஒரே விலைக்கு அதிக இரும்பு

கூட வருகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. அவருக்கு எந்தப் பொருளும் வேண்டாம். நீங்கள் வாங்கக் கிளம்பினால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேட்டி எடுக்கப் போனால் கரையைக் கசக்கிப் பார்ப்பார், மாடு பிடிக்கப் போனால் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், பெண் பார்க்கப் போனால் பெண்ணைத் தவிர மற்ற எல்லாரையும் விசாரிப்பார், கடைசியில் உங்களுக்குப் பிடித்ததை ஒதுக்கிவிட்டுத் தமக்குப் பிடித்ததை உங்கள் தலையில் கட்டி, "நான் மட்டும் வரலைன்னா உன்னைய ஏமாத்தியிருப்பாம்லே" என்பார். காபி உங்கள் செலவு. இப்படி ஒருவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்றா சொல்கிறீர்கள்?

தூத்துக்குடியில் அந்த இனத்துக்கு அப்போது தலைவர் வீரபாகு அண்ணாச்சி. உடன்குடியிலிருந்து கருப்பட்டி வரவழைத்து மொத்தமாக விற்பவர். எதையும் கையில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வரும். அவரிடம் வந்து மாட்டியவன் தளவாய், உப்புக் கம்பெனியில் எடை எழுதுகிற குமாஸ்தா. நல்ல பிள்ளை. உயரம் கொடுக்கிற இடத்தில் மட்டும் கடவுள் சிக்கனம் பிடித்துவிட்டார். வீட்டிலிருந்து உப்பளத்துக்கு மூன்று மைல் நடை, அடிக்கடி பிந்திவிடும். "இனி ஒரு நாள் பிந்தினால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்" என்று மானேஜர் சொல்லிவிட்டார். உலகச் சண்டை முடிந்து சீமைச் சைக்கிள்கள் மறுபடியும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் யோசிக்காமல், ஒரு சைக்கிள் வாங்கச் சொல்லிக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

அண்ணாச்சியோடு வந்து நின்ற தளவாயைச் சைக்கிள் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இருபது அங்குலச் சட்டம் போட்ட சைக்கிள் ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினார். தளவாய் ஏறி உட்கார்ந்தான். கால் தரையில் ஊன்றியது. அவன் முகம் மலர்ந்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். பார்த்தபின் விடுவாரா?

"அந்தா ஒண்ணு உசரமா நிக்கே, அது என்ன விலை?"

"அது இருபத்துநாலு அங்குலம் அண்ணாச்சி. ரெண்டுக்கும் ஒரே விலைதான்."

ஒரே விலை! அண்ணாச்சி இரண்டு சைக்கிளையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே, பெரிசுல இரும்பு கூட இருக்கு. ஒரே விலையைக் குடுத்துக் கொறஞ்ச இரும்பை வாங்குதேங்கியே, உனக்கென்ன கிறுக்கா?"

"கால் எட்டாதே அண்ணாச்சி."

"ஓட்டும்போது காலை மேலல்லா வச்சிருக்கணும்? தரையிலயா வப்பே?"

தளவாய்க்குப் பதில் தெரியும். ஆனால் மூத்தவர், சொந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தவர். அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கூட வருகிறவர்கள் பிழைப்பது நம்முடைய இந்தத் தயவில்தான்.

ஆறுமுகத்தாய் சைக்கிளையும் புருஷனையும் பார்த்தாள். "சைக்கிள் சரி. ஏணி எப்ப வாங்கப் போறிய?" என்றாள்.

ஏறுவதற்குத் தெருமுனைக் கல் வேண்டியிருந்தது, இறங்குவதற்கு உப்புக் குவியல். இரண்டுக்கும் நடுவில் பெடலை எட்டி ஓர் உதை, அது சுற்றி வரும்வரை காத்திருப்பு, மறுபடி உதை, இடுப்பு இந்தப் பக்கம் ஒடிய, அந்தப் பக்கம் ஒடிய, எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிற்க முடியாது. சில நாள் தப்பித்தான். ஒரு நாள் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு முன்னால் கருவாட்டு மூட்டை ஏற்றிய வண்டி. தளவாய் நேரே மூட்டைமேல் போய் விழுந்தான்.

முட்டி பெயர்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது. மானேஜர் காயத்தைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்றைக்கு விடுகிறேன். இனி கிடையாது" என்றார். பாவம், அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தளவாய் கடைக்குத் தனியாகப் போனான். கீறல் விழுந்த சைக்கிளோடு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துச் சின்ன சைக்கிளை வாங்கிக்கொண்டான். நேரத்துக்குப் போக வேண்டுமே! மறுநாளிலிருந்து சங்குக்கு முன்னால் அவன் நின்றான். வேலை பிழைத்தது. வழியில் எதிர்ப்பட்ட அண்ணாச்சி சைக்கிளைப் பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சின்னதை எடுன்னுதாம்லே சொன்னேன்" என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தளவாயைப் பாராட்டிவிட்டு நான் போயிருப்பேன். அதே கம்பெனியில் கிளாட்வின் என்று ஒரு குமாஸ்தா. வாசல்படியில் குனிந்துதான் நுழைவார். அவர் சைக்கிள் வாங்கப் போவதாகத்தான் சொன்னார். வா என்று கூப்பிடவில்லை. தளவாய் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

கடையில் கிளாட்வின் பெரிய சைக்கிளைப் பிடித்தார். தளவாய் அவர் கையைத் தட்டிவிட்டான்.

"அடிபட்டவன் சொல்லுதேன் வே, சின்னதை எடும்."

"முட்டி கைப்பிடியில இடிக்குமேய்யா!"

"கொஞ்சம் அகட்டி வச்சுக்கிடும்."

கிளாட்வின் முட்டி இரண்டையும் அகட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போவதை நினைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன தீபாவளிக்கு உங்கள் மச்சினர் சட்டைத் துணி எடுக்கக் கிளம்பியபோது உங்களுக்கு அங்கே என்ன வேலை? அந்தச் சட்டையை அவர் இன்னும் ஒரு நாளாவது போட்டாரா?