சாயத் தொட்டியில் முங்கியவர்

தண்ணீரே இல்லாத ஊரில் மூழ்கிச் சாகப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் முங்கு அண்ணாச்சிதான். அருப்புக்கோட்டையில் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு குடம் மோதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒருவர் நீருக்கடியில் மூச்சுவிடப் பழகினார் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்பித்தான் ஆக வேண்டும். கயிற்றைப் பிடித்தவன் நான்.

நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். அவர் போட்ட சிவப்பு, சேலை கிழிந்தாலும் போகாது. வீட்டில் தெலுங்கு பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார், தெரு முழுக்கப் புரிய வேண்டுமே! நான் பக்கத்து நூல் கடையில் குமாஸ்தா.

எல்லாம் ஓர் ஆடி அமாவாசையில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் கடலுக்குப் போவதே செத்தவர்களுக்காகத்தான். சேதுக்கரையில் இறங்கி, மூக்கைப் பிடித்து, கண்ணை இறுக மூடி மூன்று முழுக்குப் போடுவோம். விழுந்தடித்துக் கரையேறி பஸ்ஸைப் பிடிப்போம். அப்படி முழுகி எழுந்தபோது அண்ணாச்சி மனைவியின், அதாவது எங்கள் மதினியின், கழுத்தில் தாலி இல்லை. நைந்துபோன கயிறு, அலை கொண்டுபோய்விட்டது.

அன்று சாயங்காலமே கோயிலில் வைத்துப் புதுத் தாலி கட்டினார். தெருவுக்கு அது போதவில்லை. புருஷன் உயிரைக் கடலில் விட்டுவிட்டு வந்தவள் என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு வளைகாப்பு, சடங்கு, கல்யாணம் எதற்கும் மதினியை யாரும் அழைக்கவில்லை. குங்குமச் சிமிழோடு வீடு வீடாக அழைக்க வருகிறவர்கள் அந்த வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். கைமாத்தாக வாங்கிய சர்க்கரையை மறந்துபோகிற தெரு, இதை மட்டும் மறக்கவில்லை.

"அந்தத் தாலியவே எடுத்தாந்து இவளுக மூஞ்சிக்கு நேரா காட்டுறேன்லே" என்றார் அண்ணாச்சி.

"கடல்லயா? ஒங்களுக்கு நீச்சலே தெரியாதே அண்ணாச்சி!"

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நூல் பொட்டலத்தில் வந்த இங்கிலீஷ் பத்திரிகைக் கிழிசல். ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்டாட்டியும் முகத்தில் கண்ணாடி, வாயில் குழாயோடு கடலில் குப்புற மிதந்துகொண்டிருந்தார்கள். கீழே இருந்ததைப் படித்துச் சொன்னேன். லீவுக்குக் கடற்கரை போகிறவர்கள், நீச்சல் தெரியாவிட்டாலும், இப்படி மிதந்துகொண்டே கடலடியைப் பார்க்கலாமாம்.

"சும்மா பாக்குறதுக்கா போறாக?" அண்ணாச்சிக்கு நம்ப முடியவில்லை. "எதையும் தொலைக்காமலேயா?"

லாரி டியூபை வெட்டி, சாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடியை அதில் பதித்தார். சாயம் இறைக்கிற ரப்பர் குழாய் மூச்சுக்கு. பழகிப் பார்க்கத் தண்ணீர்? நல்ல தண்ணீரில் மூஞ்சியை முக்கினால் தெருவே அடிக்க வந்திருக்கும். ஆகவே, சாயம் போட்டு முடித்த தொட்டிக்குள் தலையை விட்டார். கண்ணாடி ஓரம் ஒழுகியது. பதறி வாயைத் திறந்துவிட்டார். காலைப் பிடித்து இழுத்துப் போட்டபோது காது வரைக்கும் ஒரே சிவப்பு. கெட்டிச் சாயம் என்று அவர் பீற்றிக்கொண்டது பொய்யில்லை, முகம் வெளுக்க வாரக்கணக்கில் ஆனது. முங்கு அண்ணாச்சி என்ற பெயர் மட்டும் வெளுக்கவே இல்லை.

"பாத்தியா, தாலி போன பலன் வந்துருச்சுல்ல" என்றார் எதிர்வீட்டம்மா, எல்லார் காதிலும் விழும்படி. மதினி கதவைச் சாத்திக்கொண்டார். அந்த எதிர்வீட்டம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

முகம் வெளுத்ததும் மூன்று பேரும் பஸ் ஏறிச் சேதுக்கரை போனோம். இடுப்பளவுத் தண்ணீரில், காற்றடைத்த டியூப் மேல் அண்ணாச்சி குப்புறக் கிடந்தார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில்.

"நான் ஆட்டுனா மட்டும் இழுலே. ஆட்டாம இழுத்தே, மண்டைய ஒடைச்சுருவேன்."

பயத்தில் நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து சுத்தமான தமிழில் வைதார். கடைசியாக எழுந்தபோது வையவில்லை.

"தாலி கெடைச்சுருச்சா அண்ணாச்சி?"

"அது கெடக்கட்டும். ஒன் மதினிய வரச் சொல்லு."

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கண்ணாடியை மாட்டிக் குனிந்ததும் குழாய் வழியாக ஒரு மாதிரிச் சத்தம். மூச்சு முட்டுகிறது என்று பதறிப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். பாசிக்குள் வரி வரியாக மீன் போகிறதாம். அண்ணாச்சியின் கால் விரலைக் கொத்துகிறதாம். மதினி சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு யோசனை சொன்னேன். "மதினி, இப்பப் போட்டுருக்க தாலியவே லேசாக் கறுக்க வச்சு, கடல்ல கெடைச்சதுன்னு சொல்லிருவோமா?"

"அவளுக கூப்புடணும்னா? வேணாம் தம்பி. எனக்கு மீனப் பாத்ததே போதும்."

தெரு மாறவில்லை. சில வருஷம் கழித்து மதினிதான் காய்ச்சலில் முதலில் போனார். புருஷன் உயிரோடிருக்க, பூவும் பொட்டுமாக. அப்படிப் போகிறவரின் காலைத் தொட்டுக் குங்குமம் வாங்கிக்கொண்டால் தனக்கும் அந்தப் பாக்கியம் வரும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அத்தனை பேரும் வரிசையில் வந்து நின்றார்கள், எதிர்வீட்டம்மா முதல் ஆளாக.

அண்ணாச்சி வாசலில் நின்று தமிழில் கேட்டார். "இன்னைக்குத்தான் இந்த வாசல் தெரிஞ்சுச்சா ஒங்களுக்கு?"

ஒருத்தியும் குங்குமம் வாங்காமல் போகவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரைக்கு அவரோடு நான்தான் போனேன். "கண்ணை மூடிட்டு மூணு முழுக்குப் போடுங்க" என்றார் புரோகிதர். அண்ணாச்சி பையிலிருந்து கண்ணாடியையும் குழாயையும் எடுத்தார். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடியே தண்ணீருக்குள் குனிந்தார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ரொம்ப நேரம் அவர் எழவில்லை. குழாய் வழியாகத் தெலுங்கில் ஏதோ பேச்சு வந்துகொண்டே இருந்தது. கயிறு ஆடவில்லை. நானும் இழுக்கவில்லை.