கத்தாருக்கு நான் போட்ட பாதை

கணினி வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டு விசேஷத்தில் கணினியைத் தொடக் கூடாது. யாரையாவது கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டு, பூவும் பொட்டுமாகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு என் நிச்சயதார்த்தத்தன்று, பட்டுப்புடவையோடு மேடையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது.

சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, கீரமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்கோ ஒரு கிளையில் இணையம் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். நாலு வரி தட்டுவேன், சரியாகிவிடும். அதனால் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. (கொஞ்சம் என்பது என் கணக்கு. அப்பாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.)

மாப்பிள்ளை கார்த்தி கத்தாரில் கணக்கர். பெரியவர்கள் பேசி முடித்த பிறகு தினமும் போனில் பேசிப் பேசி, இவர்தான் என்று நான் மனதளவில் குடித்தனமே தொடங்கியிருந்தேன். ஆனால் நிச்சயத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கறம்பக்குடியிலிருந்து அவருடைய அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எம்புள்ள பாக்காம தட்டு மாத்த மாட்டேன். படத்துலயாச்சும் அவன் உக்காந்திருக்கணும். இல்லாட்டி அவன் வாரப்பவே வச்சுக்குவோம்."

அவர் வருவதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. "நான் பாத்துக்கிறேன் அத்தை" என்றேன்.

பூக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு மட்டும் சந்தேகம். "வீடியோக்காரரே எல்லாம் பண்ணித் தாரேங்கிறாரு பாப்பா. அவருகிட்டயே விட்டுருவமே."

"எதுக்குப்பா? எனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியப்போகுது?"

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் ஒரு தொந்தரவு உண்டு. எதை அனுப்பினாலும் முதலில் சென்னை அலுவலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். கத்தாருக்குப் பேசினால் படம் விக்கி விக்கி வரும். அதனால் முந்தின வாரம் ஒத்திகை பார்த்தபோது, வீடியோ அழைப்பு மட்டும் எங்கள் வீட்டு ரூட்டர் வழியாக நேரே போகட்டும் என்று என் கையாலேயே ஒரு பாதையை எழுதி வைத்தேன். ஸ்டாட்டிக் ரூட் என்போம். அணைத்துப் போட்டாலும் அழியாதபடி நிரந்தரமாகவே எழுதினேன். கார்த்தியின் முகம் பளிச்சென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாதை போட்டதையே மறந்துபோனேன். (கணினி மறக்கவில்லை.)

நிச்சயத்தன்று மண்டபத்து மேடையில் பெரிய டிவியை வைத்து, அதில் மடிக்கணினியை இணைத்திருந்தேன். அப்பா கடையிலிருந்த மல்லிகையில் பாதி என் தலையில் இருந்தது. அத்தை முன்வரிசையில் தாம்பாளத்தோடு தயாராக இருந்தார். ராகுகாலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. நான் அழைப்புப் பொத்தானை அழுத்தினேன்.

டிவியில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மண்டபத்து வைஃபை மேல்தான் முதல் சந்தேகம். அதன் லட்சணமும் அப்படி. ரூட்டர் மேலாளர் அறையில் இருந்தது. மேடைக்கு வருவதற்குள் சிக்னலுக்கு உயிர் போய்விடும். கோடு ஒன்று வரும், மறையும், மறுபடி வரும்.

"சித்தப்பா, அந்த ரூட்டரை இங்கிட்டு கொண்டாங்க" என்றேன்.

சித்தப்பா வயர் எட்டிய மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார். பாதி மண்டபத்தோடு வயர் முடிந்தது. அங்கேயே ஒரு நாற்காலியில் ஏறி, ரூட்டரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"கோடு வருதா ஆத்தா?"

"வருது சித்தப்பா. அப்படியே அசையாம நில்லுங்க."

கோடு முழுதாக வந்தது. செய்திப் பக்கம் திறந்தது. வானிலை திறந்தது. கார்த்தி மட்டும் வரவில்லை. அதற்கு மேல் நாற்காலியில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. மடிக்கணினியைத் தரையில் வைத்து, புடவையைச் சுருட்டிக்கொண்டு சம்மணம் போட்டேன். கட்டளைகள் எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து தட்ட ஆரம்பித்தேன். நான் தட்டுவதெல்லாம் பெரிய டிவியில் ஓடியது.

"பொண்ணு என்ன பண்ணுது?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"ஏதோ பரிச்சை எழுதுதுபோல" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அப்போது சித்தப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் ரூட்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார். பொறுக்க முடியாமல் கார்த்தியே வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார்.

"இந்தா மாப்பிள்ளை தெரியிறாரே" என்றார் சித்தப்பா மேலிருந்து. "கோட்டெல்லாம் போட்டு நல்லாத்தான் இருக்காரு."

அத்தை எழுந்து ஓடினார். போனைக் காட்ட சித்தப்பா நாற்காலியை விட்டு இறங்கினார். இழுத்திருந்த வயர் தளர்ந்து படம் உறைந்தது. ஏறினார், வந்தது. மாப்பிள்ளை விட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் தெரிவார் என்று ஆயிற்று.

"ராகுகாலம் வந்துரும்" என்றார் அத்தை. "நானும் நாற்காலில ஏறியா தட்டு மாத்துறது? இன்னொரு நாள் பாத்துக்குவம்."

நிச்சயம் தள்ளிப்போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்திலும் ஒன்று உறைத்தது. அதே வைஃபையில் சித்தப்பாவின் போனுக்குக் கார்த்தி வருகிறார், என் கணினிக்கு வரவில்லை. அப்படியானால் கோளாறு வைஃபையில் இல்லை. "அஞ்சே நிமிசம் அத்தை" என்று கெஞ்சிவிட்டு, கணினியிலிருக்கும் பாதைகளையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொன்னேன். கடைசியில், நிரந்தரப் பாதை என்ற தலைப்பின் கீழ், ஒற்றை வரி உட்கார்ந்திருந்தது. வீடியோ அழைப்பைக் கொண்டுபோய், இந்த மண்டபத்தில் இல்லவே இல்லாத ஒரு ரூட்டரின் வாசலில் போட்டுக்கொண்டிருந்தது அந்த வரி.

பிடித்துவிட்டேன். வேலையில் இப்படிப் பிழையைப் பிடிக்கும்போதெல்லாம், அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே சரிசெய்வது என் வழக்கம். கை தானாக அந்த வரியை அழித்தது. வாயும் தானாகத் திறந்தது.

"எந்த எருமைடா இந்த ரூட்டைப் போட்டது? மண்டையில மூளை இருக்கா? நிரந்தரமா வேற போட்டு வச்சிருக்கு, கூறுகெட்ட எருமை. இவனையெல்லாம் யாரு வேலைக்குச் சேத்தா?"

நிமிர்ந்தேன். டிவியில் கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து கார்த்தியின் பாதி முகம் எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் அவருடைய அறைத் தோழர்கள், புதுச் சட்டையில், வரிசையாக. வரி அழிந்த நொடியே அழைப்பு இணைந்து, நான் பேசியது முழுவதும், சென்னையைச் சுற்றிக்கொண்டே, கத்தாருக்குத் துல்லியமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

கார்த்தி மெதுவாகக் கேட்டார். குரல் மண்டபத்து ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது.

"யாருங்க போட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

"நாந்தாங்க" என்றேன்.

முதலில் சிரித்தது கத்தார். பிறகு கறம்பக்குடிக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியாக அத்தை, தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல் என்னைக் கையைப் பிடித்து எழுப்பி, நாற்காலியில் உட்காரவைத்தார். ராகுகாலம் தொடங்குமுன் தட்டு மாற்றியாகிவிட்டது. சித்தப்பா கடைசிவரை நாற்காலியை விட்டு இறங்கவில்லை. நிச்சயப் போட்டோ ஒவ்வொன்றிலும் கூட்டத்துக்கு நடுவே, தலைக்கு மேல் ரூட்டரோடு, கரகம் எடுத்தவர் மாதிரி நிற்கிறார்.

கல்யாணமாகிக் கறம்பக்குடிக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லிச் சண்டை போடுவதில்லை. கேட்டைத் திறந்து போட்டாலும், மோட்டாரை நிறுத்த மறந்தாலும், "எந்த எருமை?" என்று ஒரு குரல் கேட்கும். செய்தவர் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும்.

போன வாரம் ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. வாயில் வைத்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்று அடுப்படிப் பக்கமே போகவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாந்தாங்க."