கியர் வண்டி வாங்கிய விவரம் குறித்து மைத்துனருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு மூவரும் நலம். அங்கு தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் நலமாகவே இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். விசாரித்துப் பதில் வரும்வரை பொறுத்திருக்கும் நிலையில் நான் இல்லை.

போன வாரம் தொலைபேசியில், "கடைசியில என்ன வண்டிதான் வாங்குனீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். சின்ன வண்டி, கியர் வண்டி என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதாகக் கூறித் தொடர்பைத் துண்டித்தேன். அடுப்பில் பால் இல்லை. பக்கத்து அறையில் தங்கள் தங்கை இருந்தாள். அவள் காதில் விழும்படி சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லாததால், முழு விவரத்தையும் இங்கே எழுதுகிறேன். படித்து முடித்ததும் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். சாட்சிக்கு வேண்டியிருக்கும்.

எங்கள் பழைய நீள வண்டியைத் தாங்கள் அறிவீர்கள். பதினான்கு வருடம் ஓடியது. கிளட்சை மூன்று முறை மாற்றியும் அது நாலாவதையும் கேட்டது. தங்கள் தங்கை தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு பெற்று, நகரின் மறுகோடியில் உள்ள பள்ளியில் பொறுப்பேற்கப் போன முதல் நாள், மேம்பாலத்தின் உச்சியில் போய் அது நின்றுவிட்டது. நானும் சாவியைத் திருகினேன், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன், பார்த்தது போதும் என்று மூடினேன். எட்டரைக்கு மணி அடித்துவிடும் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை. இறங்கிப் போய், பின்னால் வந்த மெத்தை ஏற்றிய வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். புதிய தலைமையாசிரியையை வரவேற்க ஆசிரியர்களும் பிள்ளைகளும் வாசலில் வரிசையாக நிற்க, பன்னிரண்டு மெத்தைகளோடு போய் இறங்கியிருக்கிறாள். அன்று மதியத்திற்குள் அவளுக்கு 'மெத்தை மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மாலையில் இதையெல்லாம் மகளிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய ஒரே மரியாதை இதை விற்றுவிடுவதுதான் என்றார். கிளட்ச் தேய்ந்து தேய்ந்து, காலை முழுக்க எடுத்தால்தான் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டதாம், இத்தனை நாள் இதை எப்படி ஓட்டினீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் வண்டியில்லாமல் ஓட்டிவிட்டு, அடுத்த வண்டி எது என்று முடிவு செய்ய வீட்டில் கூட்டம் போட்டோம். முப்பத்தொரு வருடம் தராசும் படிக்கல்லும் சோதித்து ஓய்வு பெற்றவன் நான். கடைக்காரர் சொன்ன எடையை ஒரு நாளும் நம்பியதில்லை, வண்டிக்காரர் சொல்கிற நீள அகலத்தையா நம்பப்போகிறேன்? அளவுநாடாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் நிபந்தனை இரண்டுதான்: கியரை நான்தான் போட வேண்டும், வண்டி தானாகப் போடக்கூடாது; மாற்றுச் சக்கரம் என்று ஒன்று உண்மையாகவே உள்ளே இருக்க வேண்டும். மகள் பின் இருக்கையில் கால் நீட்ட இடம் கேட்டாள். தங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? வண்டி சின்னதாக இருக்கட்டும், நெருக்கமான தெருவில் ஒரே வீச்சில் திரும்ப வேண்டும், முன்பக்கம் எங்கே முடிகிறது என்று இருக்கையிலிருந்தே தெரிய வேண்டும், கியர் வண்டியாகவே இருக்கட்டும், அதுதான் கைக்குப் பழக்கம் என்றாள். வண்டியின் நிறத்தைத் தவிர வேறெதையும் இதுவரை கேட்டறியாதவள், திரும்பும் வட்டத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குப் பூரிப்பாக இருந்தது. இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில் விஷயம் தானாக ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். கைக்குப் பழக்கம் என்றது யாருடைய கைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

இருந்தாலும் தங்கள் வார்த்தையைத் தட்டக்கூடாது என்று, தாங்கள் சிபாரிசு செய்த அந்த உயரமான தானியங்கி வண்டியைத்தான் முதலில் பார்க்கப் போனோம். விற்பனைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, இடது காலுக்கு இதில் வேலையே இல்லை, ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று பணிவாகத்தான் சொன்னாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் காலுக்கு யாரும் சொல்லவில்லையே. முதல் திருப்பத்தில் அது கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது. அதுவும் வழக்கம்போல முழு பலத்தோடு. விற்பனைப் பெண்ணின் கையிலிருந்த காகிதங்கள் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டன. பின்னால் மகள் குடித்துக்கொண்டிருந்த காபி தங்கள் தங்கையின் தோளுக்கு வந்துவிட்டது. அதன்பின் இடது காலை மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டு ஓட்டினேன். சம்மணத்தில் பாதி. திரும்பி வந்ததும் அந்தப் பெண், வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்காமல், எங்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப யாரையாவது கூப்பிடட்டுமா என்று மகளைக் கேட்டாள்.

ஆக, கியர் வண்டிதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை, பழைய வண்டி விற்கும் இடம் ஒன்றில், ஒரு பல் மருத்துவர் நான்கு வருடம் ஓட்டிய சின்ன வண்டியைப் பார்த்தோம். பின்கதவைத் தூக்கிச் சாமான் வைக்கும் இடத்தை அளந்தேன், சொன்னதைவிட இரண்டு விரற்கடை அதிகமாகவே இருந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை. மாற்றுச் சக்கரமும் இருந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். தங்கள் தங்கையும் மகளும் பின்னால், கடை ஆள் என் பக்கத்தில். சமதரையில் பிரமாதமாக ஓடியது. கடைக்குத் திரும்பி வரும்போதுதான் வினை. அந்தக் கடை ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. சுழன்று ஏறும் சரிவுப்பாதை, பாதி வழியில் சீட்டுக் காட்ட ஒரு தடுப்புக் கம்பம். அங்கே நிறுத்தினேன். கம்பம் உயர்ந்தது. கிளட்சை எடுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது.

இரண்டாவது முறையும் அணைந்தது. மூன்றாவது முறை அணைந்ததோடு ஒரு முழம் பின்னாலும் வந்தது. பின்னால் நின்றது ஜன்னல் கண்ணாடிகளை நிற்கவைத்துக் கட்டிய வண்டி. அதன் ஓட்டுநர் ஹாரன் அடித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அடிக்கவில்லை. இறங்கி வந்து, தன் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நான்காவது முறைக்குச் சாவியைத் திருகுமுன், கிளட்ச் எது பிரேக் எது என்று குனிந்து பார்த்துக்கொண்டேன், மச்சான். இதைத் தங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

பின்னாலிருந்து தங்கள் தங்கை, "கொஞ்சம் இறங்குங்க. நான் எடுக்கிறேன்" என்றாள்.

பையை எடுக்கப்போகிறாள் என்று நினைத்து இறங்கினேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் தனக்கு ஏற்றபடி திருப்பினாள், பெல்ட்டைப் போட்டாள், கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெதுவாக விட்டாள். வண்டியின் மூக்கு லேசாக எழும்பியது. பிரேக்கை இறக்கினாள். அவ்வளவுதான், வளைவில் திரும்பிப் போய்விட்டது. கண்ணாடி வண்டிக்காரர் கையைக் கீழே போட்டுவிட்டு, "அவங்க நல்லா ஓட்டுறாங்க" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்போதுதான் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மீதிப் பாதையை நடந்தே ஏறினேன்.

மேலே போனதும் கேட்டேன். உரிமம் வாங்கிப் பதினோரு நாள் ஆகிறதாம். மெத்தை வண்டியில் போன மறுவாரமே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். தினமும் காலை ஆறரைக்கு நடைப்பயிற்சி என்று கிளம்பினாளே, அதுதான். இரண்டு மாதம் வியர்க்காமல் திரும்பி வந்தவளைப் பார்த்து, உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று நானே மெச்சியிருக்கிறேன். நடப்பதற்கு நல்ல காலணி வேறு வாங்கிக் கொடுத்தேன். பயிற்சிப் பள்ளி வண்டியும் இதே ரகச் சின்ன வண்டிதானாம். மகளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

ஏன் மறைத்தாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தும் தெம்பும் இல்லை. சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. எங்க கிளம்பணும்னாலும் முதல்ல உங்க முகம் எப்படியிருக்குன்னு பாத்துட்டுக் கிளம்ப வேண்டியிருக்கு. இருபத்தாறு வருஷம் பாத்துட்டேன்."

என் முகம் அப்படியா இருக்கிறது என்று கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

வண்டியை வாங்கிவிட்டோம். அவள் பெயரில்தான், நானே சொன்னேன். இப்போது தினமும் அவள் ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை எங்களையும் ஏற்றிக்கொண்டு போகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிக்கிறேன். விரிப்பு அந்த இடத்தில் தேய ஆரம்பித்திருக்கிறது. வலது பக்கம் வண்டி வருகிறது என்று ஒருமுறை சொன்னேன், தெரியும் என்றாள். இடது பக்கம் யாரும் இல்லை என்றேன், அதுவும் தெரியும் என்றாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது எதுவும் மீதி இல்லை. ஆகவே, மூத்தவராகிய தங்களைச் சாட்சியாக வைத்து எழுத்து மூலம் உறுதி கூறுகிறேன்: இனி என் ஆயுளில் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். யார் கெஞ்சினாலும் தொடமாட்டேன். முப்பத்தொரு வருட உரிமம் இருக்கிறது, அது அப்படியே பெட்டியில் இருக்கட்டும். இந்த முடிவை மாற்றச் சொல்லித் தாங்கள் தங்கையிடம் தூது பேச வேண்டாம். பேசினாலும் நான் சொல்லித்தான் பேசியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு ஆசிகளையும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நிதானத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
என்றும் மாறாத அன்பும் மாறாத முடிவும் கொண்ட,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் நான்கு நாள் மேசைமேல் கிடந்தது. அதற்குள் தங்கள் தங்கை, அடுத்த மாதம் பயிற்சி முகாமுக்காகத் தான் பத்து நாள் வெளியூர் போவதாகவும், வண்டி சும்மா நிற்கக்கூடாது என்றும் சொன்னாள். கெஞ்சவில்லை. ஒரு ரசீதை மட்டும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்று காலை ஆறரைக்கு எனக்கு முதல் வகுப்பு. முன்னும் பின்னும் 'எல்' அட்டை தொங்கும் வண்டியில் என்னை உட்காரவைத்த பயிற்சியாளர், தப்பாகப் பழகி வந்தவர்களைத் திருத்துவதுதான் தனக்குப் பெரும்பாடு என்று சொல்லி, "இதுக்கு முன்னாடி ஓட்டிப் பழக்கம் உண்டா சார்?" என்று கேட்டார். தெருவில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இல்லை என்றேன்.